கிணற்று நீச்சலிலிருந்து கடல் நீச்சலுக்கு

நம் சங்கத்து அங்கத்தினர்களில் நீந்தத் தெரியாதவர் மிகச் சிலரே. தோட்டத்துக் கிணறும் ஊரேரியும் வாய்க்கால் மதகும் உள்ள ஊர்களில் பிறந்தவர்கள், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, பத்து வயதுக்குள்ளாகவே தண்ணீரில் தள்ளிவிடப்பட்டவர்கள். தள்ளியவர் பெரும்பாலும் தாய்மாமனாக இருப்பார். படியேறி வருவதற்குள் நீச்சல் வந்துவிடும். அந்த நீச்சலை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆபத்து நேர்ந்த காலத்தில் பலருடைய உயிரைக் காத்தது அதுவே. ஆயினும், அது எவ்வளவு தூரத்துக்கு நம்மைக் கொண்டு செல்லும் என்பதை நம்மில் எவரும் அளந்து பார்த்ததில்லை. கிணற்றின் குறுக்களவு முப்பதடி. சில கை வீச்சுகளில் எதிர்ச்சுவர் வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கடலில் சுவர் இல்லை.

இதை 2024 பிப்ரவரியில் நம் அங்கத்தினர் ஒருவர் கண்டறிந்தார். குழித்தறியில் இருபது ஆண்டுகளாகப் பட்டு நெய்பவர், வயது முப்பத்தெட்டு. சைக்கிளில் நாள்தோறும் பன்னிரண்டு மைல் போய் வருபவர், ஓட்டத்திலும் சளைக்காதவர். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நடைபெற்ற டிரையத்லான் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். கரையிலிருந்து இருநூறு மீட்டர் சென்றதும் அவருக்கு மூச்சு முட்டியது. கைகள் வலுவாகத்தான் இருந்தன. ஆனால் மார்பு திறக்க மறுத்தது. காவலுக்கு நின்ற சிறு படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டவர், பிறகு அதை விடவில்லை. படகிலேயே கரைக்குக் கொண்டுவரப்பட்டார். கரையில் நின்றிருந்த அவர் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். வீடு திரும்பிய பிறகு, "இனிக் கடலில் இறங்க வேண்டுமானால், சுவரைத் தொடாமல் அவ்வளவு தூரமும் நிதானமாக நீந்த முடியும் என்று முதலில் எனக்குக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். நியாயமான நிபந்தனை என்றே நமக்குத் தோன்றியது.

அதன் பயனாக அந்த ஆண்டு ஜூன் மாதம் நாம் ஐவர் விடியற்காலையில் நீச்சற்குளத்துக்குப் போகத் தொடங்கினோம். நெசவாளர் இருவர், மஞ்சளும் வாழையும் பயிரிடும் விவசாயிகள் இருவர், இதை எழுதும் நாம். அங்கே கற்றவற்றையும், கற்கத் தவறியவற்றையும் அங்கத்தினர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிரையத்லான் என்பது யாதெனின், நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் பந்தயமாகும். அமெரிக்காவில் சான் டியேகோ நகரின் மிஷன் விரிகுடாவில் 1974 செப்டம்பர் 25 அன்று இப்பெயருடன் ஒரு பந்தயம் நடந்தது. 1978இல் ஹவாயில் நடந்த நெடும்பந்தயத்தில் பதினைந்து பேர் புறப்பட்டுப் பன்னிருவர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் அளவு என்று வழங்குவது நீச்சல் 1,500 மீட்டர், சைக்கிள் 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர். தூரத்தையும் நேரத்தையும் பார்த்தால் நீச்சலே மிகச் சிறிய பகுதி. ஆயினும் அஞ்சத்தக்க பகுதி அதுவே. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் பந்தயங்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன நிகழ்ச்சிகளையும் மருத்துவர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். மொத்தம் 135 நிகழ்ச்சிகள். அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சராசரி வயது ஏறக்குறைய நாற்பத்தேழு. நமக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஆகவே குளத்தில் இறங்குமுன் ஐவரும் மருத்துவரிடம் சென்று இரத்த அழுத்தமும் இதயமும் சோதித்துக்கொண்டோம். நம்மைப்போல் நடுவயதில் தொடங்குபவர் எவரும் இதைத் தவிர்க்கலாகாது.

நமக்குப் பயிற்சி தந்தவர் ஒரு பெண்மணி. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் மாநிலப் போட்டிகளில் நீந்தியவர். அவரை அனைவரும் டீச்சரம்மா என்றே அழைக்கிறோம். முதல் நாள் நம்மை ஒவ்வொருவராக ஒருமுறை நீந்தச் சொல்லி, கரையில் நடந்தபடியே பார்த்தார். நெசவாளர் அன்பர் தலையை நிமிர்த்திக்கொண்டு, கைகளால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்து, இருபத்தைந்து மீட்டரை முப்பத்தொரு வீச்சில் கடந்தார். எழுந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. "தம்பி, நீங்கள் நீந்தவில்லை, தண்ணீரோடு மல்லுக்கட்டினீர்கள். தண்ணீருக்குக் களைப்பு கிடையாது" என்றார் டீச்சரம்மா.

தலையின் கனமும் காலின் கனமும்

நாம் கற்ற முதற் பாடம் கையைப் பற்றியது அன்று, தலையைப் பற்றியது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தி உடையது. அதை ஊடுருவிச் செல்பவன் வேகத்தை இரு மடங்காக்கினால், எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதற்குச் செலவிடும் ஆற்றலோ எட்டு மடங்காகிறது. ஆதலின் பலத்தைக் கூட்டி வேகம் பெற முயல்வது நட்டக் கணக்கு. எதிர்ப்பைக் குறைப்பதே ஆதாயம். தறியில் நாடாவின் இரு நுனிகளையும் ஏன் கூராக இழைத்திருக்கிறார்கள் என்பது நம் நெசவாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகன்ற பலகைத் துண்டொன்றைப் பாவின் இடையே ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? தலையை நிமிர்த்தி நீந்துபவனின் சரீரம் அத்தகைய பலகைத் துண்டாகிறது.

காரணம் எளிது. நம் சரீரத்தில் மிதக்கும் பகுதி காற்று நிறைந்த மார்பு. இடுப்பும் தொடையும் கனமானவை. மார்பை அச்சாகக் கொண்ட ஏற்றமரம்போல், முன்பக்கம் தலை உயர்ந்தால் பின்பக்கம் கால் தாழும். கால் தாழ்ந்தால், தண்ணீரில் நாம் படுத்துச் செல்லாமல் சாய்ந்து நின்றபடி செல்கிறோம். குளிர் நாடுகளில் நீச்சல் வீரர்கள் தடித்த ரப்பர் உடை அணிவர். அது அவர்கள் கால்களை மிதக்கச் செய்துவிடும். நம் கடல் வெதுவெதுப்பானது. அந்த உடைக்கு இங்கே இடமில்லை. நம் கால்களை நாமே மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றில் தலையை நிமிர்த்தி நீந்தியது தவறாகுமா? ஆகாது. மேலிருந்து குதிப்பவனைப் பார்க்க வேண்டும். படிக்கட்டைப் பார்க்க வேண்டும். பாம்பு கிடந்தால் அதையும் பார்க்க வேண்டும். கிணற்றுக்கு அது சரியான முறையே. முப்பது வருஷப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. முகத்தைக் கீழ்நோக்கி வைத்து, குளத்தின் அடித்தரையில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்தபடி செல்ல வேண்டும். பின்கழுத்து நீண்டு, உச்சந்தலை போகும் திசையை நோக்க வேண்டும். முதல் பத்து நாள்கள் கையையே வீசாமல், சுவரை உதைத்துக் கைகளை முன்னே நீட்டி அப்படியே வழுக்கிச் செல்வதையும், ஒருக்களித்துப் படுத்துக் காலை மட்டும் அசைத்துச் செல்வதையும் செய்தோம். "இதற்கா பணம் கட்டினோம்?" என்று விவசாய அன்பர் ஒருவர் முணுமுணுத்தது உண்மை. பதினோராம் நாள் அவரே எல்லோரையும்விட அதிக தூரம் வழுக்கிச் சென்றார்.

மூச்சு

நெசவாளர் அன்பருக்குக் கடலில் நேர்ந்தது மூச்சுக் குறைவன்று; மூச்சு நிறைவு. இது விசித்திரமாகத் தோன்றலாம். தண்ணீருக்குள் முகம் போனதும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். முகத்தை வெளியே திருப்பிய கணநேரத்தில் பழைய காற்றை வெளிவிட்டுப் புதிய காற்றை இழுக்க முயன்றார். இரண்டையும் செய்ய அந்த நேரம் போதாது. பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிடும். அதற்குமேல் சிறிதளவே உள்ளே போகும். நம்மை மூச்சுக்குத் தவிக்கச் செய்வது பிராணவாயுக் குறைவு என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் சரீரத்தில் சேரும் கரியமில வாயுவே பெரும்பாலும் அந்தத் தவிப்பை எழுப்புகிறது. வெளிவிடாதவனுக்குத் தவிப்பு ஏறும். தவிப்பு ஏறினால் அச்சம் ஏறும். அச்சம் ஏறினால் தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் கால் தாழும். பிறகு கை வலிமை எவ்வளவு இருந்து என்ன?

மாற்று வழி, முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் மெல்ல ஊதிக்கொண்டே இருப்பது. "உம்" என்று ராகம் இழுப்பதுபோல் ஊதச் சொன்னார் டீச்சரம்மா. ஐந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, முகத்தை அமிழ்த்தி முனகிக்கொண்டிருந்த காட்சியைக் குளத்துக் காவலாளி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தாரோ, நாம் கேட்கவில்லை.

மூச்சை இழுப்பதற்குத் தலையைத் தூக்கலாகாது, உருட்ட வேண்டும். ஒரு கை முன்னே நீண்டிருக்க, இடுப்பும் தோளும் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பும்போது முகமும் கூடவே திரும்பும். நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள்ளும் மறு கண் வெளியிலும் இருப்பது சரியான அளவு. தலை முன்னேறும்போது அதன் முன் ஒரு சிறு அலை எழும். அவ்வலைக்குப் பின்னால், கன்னத்துக்கு அருகில் ஒரு பள்ளம் உண்டாகும். வாய் அந்தப் பள்ளத்தில் இருந்தால், நீர்மட்டத்துக்குக் கீழேயே காற்று கிடைக்கும். இதை நம்புவதற்கு நமக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் குளத்து நீரை எவ்வளவு குடித்தோம் என்று எழுதினால் வாசகர்கள் முகம் சுளிப்பர்.

மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு என்று பழகினால் இடமும் வலமும் மாறி மாறி வரும். இரு தோள்களும் ஒப்ப உழைக்கும். பந்தயத்தில் அவ்விதமே செய்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு அதிகக் காற்றைத் தரும். ஆனால் இரு பக்கமும் பழகியவனே அலை வலப்புறமிருந்து வரும்போது இடப்புறம் திரும்பி மூச்சு வாங்க முடியும்.

கையைப் பற்றி இனிச் சொல்லலாம். கை தோளுக்கு நேராக முன்னே நுழைய வேண்டும். தலைக்கு முன் குறுக்கே போனால் சரீரம் பாம்புபோல் நெளியும். விரல் நுனிகள் முதலில் நுழைய வேண்டும். கட்டைவிரலைக் கீழாக்கிக் கையைத் திருகி நுழைப்பவர்க்குத் தோள்மூட்டில் நாளடைவில் வலி வரும். நுழைந்த கையை உடனே கீழ்நோக்கி அழுத்துவதே நம் ஐவரும் செய்த பெரும்பிழை. கீழே அழுத்தினால் மார்பு மேலெழும். மார்பு மேலெழுந்தால் மீண்டும் கால் தாழும். அவ்விதமின்றி, முழங்கையை மேலேயே நிறுத்தி, விரல்கள் அடித்தரையை நோக்குமாறு முன்னங்கையைச் செங்குத்தாக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே துடுப்பாகப் பாவித்து, நீரைப் பின்னே தள்ள வேண்டும். இதை உணர்த்துவதற்கு டீச்சரம்மா நம்மைக் கைவிரல்களை முஷ்டியாக மூடிக்கொண்டு நீந்தச் செய்தார். உள்ளங்கை இல்லாதபோதுதான் முன்னங்கையின் அருமை தெரிகிறது. நான்கு முறை குளத்தைக் கடந்தபின் விரல்களை விரித்தால், கையில் முறத்தைக் கட்டியதுபோல் இருக்கும்.

காலை உதைப்பது இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும்; முழங்கால் அதிகம் மடங்கலாகாது; கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். ஓட்டக்காரர்க்கும் சைக்கிள்காரர்க்கும் கணுக்கால் இறுகியிருப்பது வழக்கம். கொக்கிபோல் நிற்கும் அந்தப் பாதம் நீரை முன்னே இழுத்துவிடும். உதைக்க உதைக்கப் பின்னோக்கிச் செல்பவரையும் கண்டோம். பெயரைச் சொல்லமாட்டோம், அவர் வாழைத் தோட்டக்காரர். நீச்சலுக்குப் பின் சைக்கிளும் ஓட்டமும் காத்திருப்பதால், டிரையத்லானில் காலின் பலத்தை நீரில் செலவிடுவது விவேகமன்று. ஒரு கை வீச்சுக்கு ஓர் உதை போதும். இந்த வேலைப் பங்கீட்டை நம் நெசவாளர்கள் இருவரும் விரைவில் பிடித்துக்கொண்டார்கள். மிதிக்கட்டையில் காலும் நாடாக் கயிற்றில் கையும் ஒரே தாளத்தில் நடப்பது அவர்களுக்குப் பிறப்போடு வந்ததாயிற்றே!

எண்ணிக்கையும் விடியற்காலையும்

நெசவில் ஊடையை எண்ணுவதுபோல் நீச்சலிலும் எண்ணிக்கை வேண்டும். குளத்தின் ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு, எத்தனை விநாடி என்ற இரண்டையும் கூட்டி ஒவ்வொருவரும் குறித்துவந்தோம். வீச்சைக் குறைக்க வேண்டும் என்று நேரத்தை ஏற்றினாலும், நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று வீச்சை ஏற்றினாலும் கூட்டுத்தொகை காட்டிக் கொடுத்துவிடும். ஆகஸ்டு முடிவில் நெசவாளர் அன்பரின் வீச்சு முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்தது. 1,500 மீட்டர் என்பது அறுபது நீளம். முன்பு 1,860 வீச்சு வேண்டியிருந்த தூரத்துக்கு இப்போது 1,320 போதும். ஐந்நூற்று நாற்பது வீச்சு மிச்சம். கூலியில்லாமல் கிடைத்த மிச்சம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

முதல் மூன்று வாரம் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் எவரையும் தொடர்ந்து நீந்த விடவில்லை. களைத்தவன் பழைய பழக்கத்துக்குத் திரும்புவான் என்பது காரணம். எட்டு முறை இருபத்தைந்து. ஒவ்வொன்றின் இடையிலும் அரை நிமிட ஓய்வு. அது முறை தவறாமல் வந்த பிறகே ஐம்பது, பிறகு நூறு. இந்தப் பொறுமை இளைஞர்க்குக் கசக்கும். கசந்தாலும் வேறு வழியை நாம் காணவில்லை.

விடியற்காலை ஏன் என்று சிலர் கேட்டார்கள். சரீர வெப்பம் மிகவும் தாழ்ந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்னதாகும். அந்த வேளையில் தசைகள் இறுகியிருக்கும். மாலையில் நீந்தினால் அதே மனிதன் சற்று வேகமாகவே நீந்துவான். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மாலையில் தறியும் தோட்டமும் நம்மை விடுவதில்லை. பந்தயங்களும் காலையில்தான் தொடங்குகின்றன. ஆகவே நான்கரைக்கு எழுந்து, ஒரு வாழைப்பழம் உண்டு, கரையில் பத்து நிமிடம் தோளையும் இடுப்பையும் சுழற்றிச் சூடேற்றிய பிறகே ஐந்து மணிக்கு நீரில் இறங்குவது வழக்கமாயிற்று. இரவு ஒன்பதுக்குப் படுத்தால்தான் இது நடக்கும். தூக்கத்தைத் திருடிப் பயிற்சிக்குக் கொடுத்தவர்கள் இரண்டாம் வாரத்தில் குளக்கரையிலேயே உறங்கினார்கள். விவசாய அன்பர்களுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. மும்முனை மின்சாரம் எந்த முறையில் வருகிறதோ அதைப் பொறுத்தே அவர்கள் வருகை. விடியற்காலையில் மோட்டார் ஓடும் வாரங்களில் அவர்களைக் குளத்தில் காண முடியாது. முப்பந்தயத்தை மும்முனை வென்றுவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் இருட்டில் தனியே கிணற்றிலோ ஏரியிலோ கல்குவாரிப் பள்ளத்திலோ இறங்கிப் பயில வேண்டாம். உயிர்காப்பாளர் உள்ள குளத்தில், துணையோடு, வெளிச்சத்தில் பயில வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார நீச்சல்காரரானாலும் இது பொருந்தும்.

இவ்வளவையும் நாம் ஏதோ புதுக்கலை என்பதுபோல் எழுதிக்கொண்டு போகிறோம். உண்மையில் இந்த நீச்சலின் வரலாறே, உலகின் நாகரிகச் சபைகள் கடலோர மக்களிடமும் ஆற்றோர மக்களிடமும் தாமதமாகக் கற்றுக்கொண்ட வரலாறாகும். போட்டி விதிகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. ஃப்ரீஸ்டைல் என்றால் விருப்பம்போல் நீந்தலாம் என்பதே பொருள். மிக விரைவானது இது என்பதால் எல்லோரும் இதையே கையாளுகின்றனர். 1844இல் வட அமெரிக்காவின் ஒஜிப்வே இனத்தார் இருவர் இலண்டனில் கைகளை நீருக்கு மேல் வீசி நீந்திக் காட்டினர். காற்றாலை சுழல்வதுபோல் இருக்கிறது என்று எள்ளி, இங்கிலாந்துக்காரர் தம் தவளை நீச்சலையே தொடர்ந்தனர். தென் அமெரிக்க மக்களிடம் கை வீச்சைக் கற்று வந்த ஜான் டிரட்ஜன் 1873இல் அதை இலண்டன் பந்தயத்தில் காட்டினார். ஆனால் உதை பழைய உதையாகவே இருந்தது. கால்களை மேலும் கீழும் அசைக்கும் உதை, பசிபிக் தீவுகளில் பழங்காலமாக வழங்கிவந்தது. சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்காம் என்னும் இளைஞரின் நீச்சலைக் கண்டு, அந்நகரத்து கேவில் சகோதரர்கள் அதை உலகமறியச் செய்தனர். ஹவாய்த் தீவினரான டியூக் கஹானமோக்கு 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை வென்றார். 1922இல் ஜானி வைஸ்முல்லர் அதே தூரத்தை 58.6 விநாடியில் நீந்தி, ஒரு நிமிட எல்லையை உடைத்தார். 1926இல் கெர்ட்ரூட் எடர்லி என்னும் பெண்மணி இம்முறையிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவருக்கு முன் கடந்த ஐந்து ஆண்களில் எவரும் அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை.

நம் பக்கத்துக் கடலும் இவ்வரலாற்றில் உண்டு. 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த மிஹிர் சென், 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அந்த ஆண்டில் அவர் ஐந்து நீர்வழிகளைக் கடந்திருந்தார். 1994இல் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களைக் கடந்து அதை மிஞ்சினார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயதுகூட நிறைந்திருந்ததோ என்னும் பருவம். நாற்பத்தெட்டு வயதில் குமிழிவிடக் கற்றுக்கொண்டிருக்கும் நமக்கு இதை எழுதும்போது வெட்கமே மிஞ்சுகிறது.

டிசம்பரில் நெசவாளர் அன்பர் அறுபது நீளத்தையும் நிற்காமல் முடித்தார். முப்பத்தெட்டு நிமிடம். திரும்பும் இடங்களில் சுவரைத் தொட்டாரே என்று அவர் மனைவி ஆட்சேபித்ததாகக் கேள்வி. ஆட்சேபம் சரியானதே. ஒவ்வொரு சுவரும் ஓர் உதையும் ஒரு சிறு ஓய்வும் தருகிறது. ஆகவே அடுத்த வாரங்களில் குளத்தின் நடுவிலேயே, சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னதாகத் திரும்பும்படி டீச்சரம்மா பயிற்றினார். ஐவரையும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் விட்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நீந்தவும் செய்தார். கடலில் புறப்படும்போது நூறு பேரின் கையும் காலும் நம்மேல் படும். அந்த இடி முதன்முறையாக அங்கே நேரலாகாது என்பது அவர் கருத்து. கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பத்து எண்ணிவிட்டுப் புறப்படுவது இன்னும் நல்லது. நீச்சலில் பத்து விநாடி நட்டம் ஒரு நட்டமே அன்று.

2025 பிப்ரவரியில், கடல் அடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனவ நண்பர் ஒருவர் படகுடன் துணைவர, கடலில் இறங்கினோம். நமக்கு எவரும் சொல்லாத ஒன்று அங்கே தெரியவந்தது. நம் கடல் கிழக்கே இருக்கிறது. விடிந்தவுடன் கடலுக்குள் நீந்திச் செல்பவன் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு செல்கிறான். நீரெல்லாம் உருக்கிய செம்பாய்ப் பளபளக்க, முந்நூறு மீட்டருக்கு அப்பால் கட்டியிருந்த செம்மிதவை கண்ணுக்கே தெரியவில்லை. நாம் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். படகுக்காரர் விசில் ஊதித் திருப்பினார். ஆறு அல்லது எட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலைபோல் கண்ணை மட்டும் நீர்மேல் உயர்த்திப் பார்த்து, பிறகு பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்க வேண்டும். பார்வைக்கும் மூச்சுக்கும் சேர்த்து முழுத்தலையையும் தூக்கினால் கிணற்று நீச்சல் திரும்பிவிடும். போகும்போது சூரியன் மறைத்தாலும் திரும்பும்போது கரையில் உள்ள உயர்ந்த பனைமரமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும். அதை இறங்குமுன்பே குறித்துக்கொள்ள வேண்டும். நிறமேறிய கண்ணாடியை மீனவர் சிரித்துக்கொண்டே பரிந்துரைத்தார்.

கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தி வெளியேறிப் பிறகு திரும்ப வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். உப்பு நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானது. கால்கள் குளத்தைவிட இலகுவாக மிதந்தன. அந்த ஒன்றில் கடல் நமக்குச் சாதகமாக இருந்தது.

இருநூறு மீட்டரில், அதாவது முன்பு மூச்சு முட்டிய அதே தூரத்தில், நெசவாளர் அன்பர் நின்றுவிட்டார். படகு அருகில் சென்றது. அவர் படகைத் தொடவில்லை. மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி பத்துப் பதினைந்து மூச்சு நீள வாங்கினார். பிறகு புரண்டு, முகத்தைக் கவிழ்த்து, முதல் வீச்சை மிக மெதுவாக வைத்தார். நாற்பத்தோரு நிமிடத்தில் முழுத் தூரத்தையும் முடித்துக் கரையேறியபோது, அவர் மனைவி துண்டைக் கொடுத்துவிட்டு, "நடுவில் ஏன் நின்றீர்கள்?" என்று கேட்டார். "பயம் வந்தது. போகட்டும் என்று காத்திருந்தேன்" என்றார் அவர்.

அடுத்த பந்தயத்துக்கு அவர் மனைவியே அவருடைய பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாமும் பெயர் கொடுத்திருக்கிறோம். நம் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். அன்று நாம் படகை இருமுறை பிடித்தோம். நின்றபடி பிடித்து இளைப்பாறலாம், பிடித்துக்கொண்டு முன்னேறத்தான் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே பந்தய நாளில் காவற்படகுகள் எவ்வெவ்விடத்தில் நிற்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துள்ளோம்.